அமோஸின் கம்பளிச் சட்டை

மூன்றாம் நாளாகியும் அவன் தலைமுடி காயவில்லை. ஹெஸ்டர் அடுப்பில் கரியை அள்ளிப் போட்டபடியே இருந்தாள். அவளுடைய ஐந்து வயது மகள் ஈடி மேசையடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். புகையில் வாட்டிய மீனின் வாடையும் ஈரக் கம்பளியின் வாடையும் சமையலறையை நிறைத்திருக்க, கணப்பருகே உட்கார்ந்திருந்த அந்த அந்நியனின் நெற்றியிலிருந்து உப்புநீர் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கல்தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கணவன் அமோஸ் கடலோரக் காவலன். அவன் அலையிலிருந்து இழுத்து வந்த உயிர் இது. இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ரொட்டியோடு வந்த பக்கத்து வீட்டு மீனவப் பெண் திர்சா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அடிப் பாவி! புருஷன் சட்டையையா மாட்டிவிட்ட?"

"நடுங்கினாருக்கா. பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"என் பாவாடையக் கேட்டிருந்தா அவுத்துக் குடுத்திருப்பேனே! கம்பளிச் சட்டையில வீட்டுக்கொரு பின்னல் எதுக்குன்னு நெனச்ச? கடல் அத வெச்சுத்தான் ஆம்பளைங்கள அடையாளம் பாக்குது. வெளியூர்க்காரி, உனக்கெங்க தெரியப்போகுது. அமோஸ் எங்க?"

"காலையில படகுல போனாரு. மூடுபனியில யாரோ மாட்டிக்கிட்டாங்களாம்."

திர்சாவின் முகம் வெளிறியது. "கழட்டுடி. இப்பவே கழட்டு." ரொட்டியைப் படியில் போட்டுவிட்டு ஓடினாள். அவள் வீட்டுத் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு அடுத்த வீட்டில். அதற்கடுத்த வீட்டில்.

குளிர்ந்தவனுக்குப் போர்த்தியதைத் திரும்பப் பிடுங்குவதா? ஆண்டவரே, நான் செய்தது நன்மைதானே? நடுப்பகலிலேயே பனி சன்னலை மூடிவிட்டது. அலையோசை கேட்கவில்லை. அமோஸின் படகும் கேட்கவில்லை.

அவள் சட்டையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை. மறுபடி இழுத்தாள். கம்பளியோடு தோலும் சேர்ந்து வந்தது. நூல் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.

"மெதுவா, ஹெட்டி."

அந்நியனின் வாயிலிருந்து அமோஸின் குரல். அமோஸ் மட்டுமே அழைக்கும் பெயர்.

அப்போது கதவு தட்டப்பட்டது. மெல்ல. கை ஓய்ந்தவன் தட்டுவதுபோல.

தட்டியவருக்குத் திறக்காமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. திறந்தாள்.

பனிக்குள் ஒருவன் நின்றான். உடலெங்கும் நீர் வழிந்தது. அவளை நோக்கி நீட்டிய இடது கையில் சுண்டுவிரல் இல்லை. வடக்கயிறு அறுத்த அந்தத் தழும்பை அவள் எத்தனையோ முறை முத்தமிட்டிருக்கிறாள். தலையை நிமிர்த்தினாள். கண் இல்லை. வாய் இல்லை. அலை தேய்த்த கூழாங்கல்போல வழவழப்பாக, வெறுமையாக, முகம்.

பின்னால் கணப்பருகே, அந்நியனின் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தாள் ஈடி.

"அப்பா," என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள், "வாசல்ல யாருப்பா அது?"