நீலப் புள்ளிக்கு அப்பால்

கதவு சாத்தியிருந்தது. மின்விசிறி கடகடத்தது. அப்படியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமா மூச்சு விடும் சத்தம் வெண்மதிக்குக் காதோரத்தில் கேட்பதுபோல் கேட்டது. சதைப் பரிசோதனை டாக்டர் அவள். ஃபார்மலின் நெடியும் உருகிய மெழுகின் வாசனையும் அடைத்துக் கிடந்த அந்தச் சிதம்பரம் ஆய்வகத்தில், சாயங்கால வெயில் மேசைமேல் நீளமாய் விழுந்திருக்க, நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தாள்.

புதுக் கண்ணாடித் தகட்டில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவளைப் படிக்க வைத்த ராஜமாணிக்கம் மாமாவின் நுரையீரல் சதையில், சின்னஞ்சிறு உயிரணுக்கள் தேர்த் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்து நின்றன. காலையில் வந்த சாயச் சோதனையும் அதையே சொன்னது. நுரையீரலிலேயே தொடங்கும் அரிய லிம்போமா, ஒருவகைப் புற்றுநோய். மெதுவாக வளரும்; தானாக நிற்காது.

அப்படியானால் இரண்டு வருஷம் முன்பு?

அன்றும் மாமாவின் சதையைப் பார்த்தவள் அவள்தான். "நாளைக்கு வடலூர் ஜோதி பாக்கப் போவணும் கண்ணு, சீக்கிரம் சொல்லிடு" என்று மாமா பறந்தார். பாதித் தகட்டைப் பார்த்துவிட்டு, வெறும் அழற்சி என்று கையெழுத்துப் போட்டாள். அதை நம்பிக் கடலூர் ஆஸ்பத்திரியில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். இப்போது எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வாள்?

பழைய தகட்டைத் தேடி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். அன்று பார்த்து நிறுத்திய இடத்தில் அவள் வைத்த நீல மைப்புள்ளி அப்படியே இருந்தது. புள்ளிக்கு அப்பால், பார்க்காமல் விட்ட மூலையில், ஒரு சிறு கூட்டம். அப்போதே இருந்திருக்கிறது, பாவி!

வெளியே இருமல்.

"ஆறு மாசம் மாத்திர போட்டேம்மா, ஒரு வேள கூட வுடல" என்றது மாமாவின் குரல். "இந்த தடவயாவது என்னான்னு தெரிஞ்சிடுமா?"

"ரெண்டு நிமிஷம் மாமா."

குனிந்தாள். கூட்டம் நீலப் புள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முதலில் தப்பாகப் பார்த்திருப்பாள். மருந்தில் ஊறி, மெழுகில் உறைந்து, இரண்டு வருஷமாய்க் கண்ணாடிக்குள் கிடக்கும் சதை. செத்தது எப்படி வளரும்?

மறுபடி இருமல். மறுபடி குனிந்தாள்.

புள்ளியைத் தாண்டியிருந்தது.

மின்விசிறியை நிறுத்தினாள்.

"மாமா?"

கதவுப் பக்கம் காதைத் திருப்பினாள்.

மூச்சு மட்டும் கேட்டது. கதவுப் பக்கமிருந்து வரவில்லை. மேசையிலிருந்து வந்தது.

குனிந்தாள்.

நீலப் புள்ளியைக் காணவில்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை உயிரணுக்கள். அத்தனையும் ஒன்றாக விரிந்தன. ஒன்றாகச் சுருங்கின. மெதுவாக, மாமா மூச்சு விடுவதுபோல.