ரூத் அம்மாவின் சுடாத ஜாடி

காலை 8.40. சிவசங்கரி பட்டறையைத் திறந்தாள். சக்கரத்தின் மேல் ஜாடி இல்லை.

விருத்தாசலத்தில் முப்பது வருஷம் பீங்கான் செய்த அமெரிக்கக்காரி ரூத் அம்மா, சுடாமலே விட்டுப்போன கடைசி ஜாடி அது. அமெரிக்கக் கலைஞர்களின் வீடுகளையும் பட்டறைகளையும் பாதுகாக்கும் அமைப்பிலிருந்து பதினொரு மணிக்கு ஆள் வருகிறது. அவர்கள் ஏற்காவிட்டால் வீட்டை விற்றுவிடச் சொல்லி உயில். காவல் இருக்கும் சிவசங்கரிக்கும், ரூத் அம்மாவுக்கு மண் பிசைந்து கொடுத்த அவள் புருஷன் திருமாலுக்கும் வேறு போக்கிடமில்லை.

9.30. எஸ்.ஐ. கயல்விழி வந்தார். பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பிக்குள் கைதான் நுழையும். ஜாடியோ குடம் பெரிசு.

"சாவி?"

"எங்கிட்டதாங்க. குளிக்கப் போறப்ப மட்டும் ஆணியில மாட்டுவேன்."

"ஜாடிய கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம். இன்னிக்கு வர்றவங்க உள்பக்கத்த படம் எடுத்து அனுப்பச் சொன்னாங்க. எம் புருஷன் லைட்டு புடிச்சாரு, நான் எடுத்தேன். நெட்டு இல்லாம அனுப்ப முடியல."

கயல்விழி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அலமாரியில் இருந்த ரூத் அம்மாவின் பழைய ஜாடிகளுக்குள் விரல் விட்டுத் தடவினார். மூலையிலிருந்த வாளியைக் கலக்கினார். அடியில் சேறு.

பழி தன் தலையில்தான் விழப்போகிறது என்று நினைத்தாள் சிவசங்கரி. போன் வந்தது. "வர்றவங்க வேப்பூர் தாண்டிட்டாங்களாம்," என்றாள்.

10.50. "ஜாடி வெளிய போகவே இல்ல," என்றார் கயல்விழி. "சுடாத மண்ணு தண்ணியில கரைஞ்சிடும். இந்த வாளியிலதான் இருக்குது. ஏன் கரைச்சீங்க, திருமால்?"

வாசலில் நின்ற திருமால் தலைகுனிந்தான்.

"அலமாரியில இருக்கறதுல விரல் தடம் ஒரு பக்கமா சுத்தி ஏறுது. ரூத் அம்மா அவங்க ஊரு வழக்கப்படி சக்கரத்த இடப்பக்கம் சுத்துனாங்க. படத்துல இருக்கற ஜாடியில தடம் நேர் எதிரா ஏறுது. அது நம்மூருக்காரங்க வலப்பக்கம் சுத்தறது, சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன். அத செஞ்சது அவங்க இல்ல, நீங்க."

"கடைசி வருஷம் அம்மாவுக்குக் கை வரலீங்க. நீ செய், நான் பாக்கறேன்னாங்க. நேத்து லைட்டு புடிக்கறப்பதான் எனக்கே ஒறச்சுது. வர்றவங்க கண்டுபுடிச்சா பொய்யின்னு வூட்டையே வேணாம்பாங்க. இவ குளிக்கப் போனப்ப சாவிய எடுத்தேன்." அவன் கைகூப்பினான். "திருட்டுப் போச்சுன்னே இருக்கட்டும் மேடம்."

வாசலில் கார் வந்து நின்றது. கயல்விழி சிவசங்கரியைப் பார்த்தார். அவள் விடுவிடுவென்று வெளியே போனாள்.

"கடைசி ஜாடிய செஞ்சது எம் புருஷன். கரைச்சதும் அவருதான். இப்ப வூட்ட பாக்கறீங்களா, திரும்பிடறீங்களா?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல வந்தவர்கள் கேட்டார்கள். தங்களுக்குள் ஏதோ பேசினார்கள்.

"உங்க வூட்டுக்காரரு பேரு என்னான்னு கேக்கறாங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர். "வாசல் பலகையில அந்தம்மா பேருக்குப் பக்கத்துல எழுதணுமாம்."