அடியில் கிடந்த செர்ரிகள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கருவிகள் பழுதுபார்க்கும் அறையின் வாசலில் வந்து நின்ற துப்புரவுப் பணியாளர் ஈஸ்வரியின் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று மெமோ. இன்னொன்று அந்த மெமோவுக்கு அவளே எழுதியதுபோல் யாரோ தட்டச்சு செய்து கொடுத்திருந்த, தவறை ஒப்புக்கொள்ளும் பதில். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்து போட்டு எச்.ஓ.டி. ரூம்ல குடுக்கணுமாம் மேடம்," என்றாள். "போட்டா வேலை போச்சு. போடலன்னாலும் முப்பத்தொண்ணாந்தேதி கான்ட்ராக்ட் முடியுது, புதுப்பிக்க மாட்டேன்னு சொல்லிக்கினு இருக்காங்க. எட்டு வருசமா இருக்கேன். இந்தத் தடவ பர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரு இருக்குது."

சந்திரகலா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக எல்லாத் துறைகளின் எந்திரங்களையும் பழுதுபார்ப்பவர் அவர். எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் பாஸ்கர், இயற்பியல் துறையின் உதவிப் பேராசிரியர். எந்த எந்திரத்தைப் பிரித்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க முதல் ஆளாக வந்துவிடுவார்.

"உட்காரு ஈஸ்வரி. முதல்லேர்ந்து சொல்லு," என்றார் சந்திரகலா.

நடந்தது பாதி அவருக்கே தெரியும். உயிர்த்தொழில்நுட்பத் துறையில் ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே விழா நடக்கும். அந்த வாரம் முழுக்க 'கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்' விளையாட்டு. திங்கட்கிழமை சீட்டு எடுப்பார்கள். யார் பெயர் வந்ததோ அவருக்குத் தான் யாரென்று காட்டாமல் தினமும் சின்னதாக ஏதாவது வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விழாவில் கடைசிப் பரிசைக் கையில் கொடுத்துத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். சந்திரகலாவும் பாஸ்கரும் அழைப்பின் பேரில் ஆட்டத்தில் சேர்ந்திருந்தார்கள்.

நேற்று மூன்று மணிக்கு விழா தொடங்கியது. ஐந்து மணிக்கு, பக்கத்து ஆய்வகத்துக்குப் போன ஆய்வகப் பொறுப்பாளர் வசந்தகுமார் சார் ஓடிவந்தார். மாதிரிகள் வைக்கும் டீப் ஃப்ரீசரின் பிளக் கழற்றப்பட்டுக் கிடக்கிறது. அதன் இடத்தில் சீரியல் விளக்கின் ஒயர். கதவும் ஒரு விரலளவு திறந்திருக்கிறது. துறைத் தலைவர் ராஜமாணிக்கம் மூன்று வருடமாகப் பழவேற்காடு ஏரியில் சேகரித்த இறால் நோய் மாதிரிகள் அத்தனையும் குழாய்களில் தண்ணீராகிவிட்டன. விழா நட்சத்திரத்துக்கு அந்தச் சீரியல் விளக்கைக் கட்டியது ஈஸ்வரி.

"நான் பக்கத்து சாக்கெட்லதான் சொருவுனேன் மேடம். காலைல பத்து மணிக்கே எரிய வுட்டுட்டேன். அந்த எறால்ல பாதி எங்க ஊட்டுக்காரர் போட்ல வந்தது. அத நானே கெடுப்பனா?"

"பத்து மணிக்கு எரிஞ்சத யாராவது பார்த்தாங்களா?"

"எல்லாரும்தான் ஸ்டாருக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்தாங்க. பதினோரு மணி இருக்கும்."

பாஸ்கர் செல்பேசியைத் துழாவி அந்தப் படத்தைக் காட்டினார். நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. "ஆனா மேடம், எந்த சாக்கெட்னு படத்துல தெரியல. ஃப்ரீசர் பிளக்க பத்து மணிக்கே கழட்டியிருந்தாலும் இப்டித்தான் எரியும்."

"ஆமா," என்றார் சந்திரகலா. "ஈஸ்வரி, நேத்து சாயந்திரம் ஃப்ரீசர் அடியில எவ்ளோ தண்ணி தொடச்ச?"

ஈஸ்வரி யோசித்தாள். "ஒரு டம்ளர் இருக்கும். ஜூன் மாசம் நான் ஐஸ எடுத்து கழுவனப்போ ரெண்டு பக்கெட்டு வந்துது. இப்போ சொவுரெல்லாம் வெரல் தடிமன்ல ஐஸு புடிச்சிருக்கணும். எங்க போச்சுன்னு தெரில."

"இந்த வாரம் வேற ஏதாவது வித்தியாசமா?"

"ஒண்ணுமில்ல. வியாழக்கெழம மட்டும் நான் எட்டரைக்கு வந்தேன், லேப் தரை தொடச்சிருந்துச்சு. மாப்பு ஈரமா இருந்துச்சு. இந்த டிபார்ட்மென்ட்ல மாப்ப தொடுற ஒரே ஆளு நான்தான். ஊட்ல போய் கூட சொன்னேன், யாரோ கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் எனக்கு தரைய தொடச்சி வச்சிட்டாங்கன்னு."

சந்திரகலா சிரிக்கவில்லை. எழுந்து சாவியை எடுத்தார்.

ஆய்வகம் பூட்டாமல் இருந்தது. ஃப்ரீசர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. சந்திரகலா கதவைத் திறந்து உட்சுவரை விரலால் தடவினார். மெல்லிய வெண்பூச்சு மட்டும்.

"பாஸ்கர், இங்க பாருங்க. கதவத் திறக்குறப்போ எல்லாம் வெளிக்காத்து உள்ள போகுது. அதுல இருக்குற ஈரம் சுவர்ல ஒட்டி உறையுது. ஆறு மாசத்துல அது கல்லு மாதிரி ஆயிடும். நேத்து அது உருகியிருந்தா தரை முழுக்க வெள்ளம். வந்தது ஒரு டம்ளர்."

"அப்போ அந்த ஐஸ் முன்னாடியே..."

"போயிடுச்சு. ரெண்டு பக்கெட்டையும் வேற யாரோ, வேற என்னைக்கோ தொடச்சிருக்காங்க."

ஃப்ரீசருக்கு மேலே ஒரு ஸ்டெபிலைசர், அதில் பச்சைப் பொத்தான். போன வருடம் மின்னழுத்தம் ஏறி இறங்கி கம்ப்ரசர் எரிந்துபோன பிறகு சந்திரகலாவே மாட்டியது. மின்சாரம் போய்த் திரும்பினால் அது தானாக ஓடாது. யாராவது வந்து பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்தில் ஆணியில் வெப்பநிலைப் பதிவேடு தொங்கியது. தினமும் காலை எட்டு மணிக்கு ஆய்வகப் பொறுப்பாளர் வசந்தகுமார் அளவைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். சந்திரகலா அந்த வாரப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

திங்கள், மைனஸ் இருபது. செவ்வாய், மைனஸ் இருபது. புதன், 'மாதாந்திர மின்தடை 9 முதல் 5 வரை, ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றப்பட்டது.' வியாழன், மைனஸ் இருபது. வெள்ளி, மைனஸ் இருபது.

"எல்லாம் ஒழுங்கா இருக்கே மேடம்," என்றார் பாஸ்கர் ஏமாற்றத்துடன்.

"ஒழுங்காதான் இருக்கு." சந்திரகலா பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். நடைபாதைக்கு வந்ததும் நின்றார். "பாஸ்கர், நீங்க காயத்ரிக்கு ஐஸ்கிரீம் குடுத்தீங்களே."

பாஸ்கர் முகத்தில் அசடு வழிந்தது. காயத்ரி அந்தத் துறையின் ஆய்வு மாணவி. பாஸ்கருக்கு வந்த சீட்டு அவள் பெயர். நேற்று விழா தொடங்கியதும் அவர் ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டி, "மேல பாரு, செர்ரியில 'கா' எழுதியிருக்கேன்," என்றார். திறந்தால் வெறும் வெள்ளை. டப்பாவும் முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது. கரண்டியை விட்டதும் கரண்டி வளைந்தது. அடியைத் தொட்ட பிறகுதான் செர்ரிகள் குவியலாக வந்தன. "பாஸ்கர் சார் கிணத்துக்குள்ள எழுதியிருக்காரு," என்று யாரோ சொல்ல அரங்கமே சிரித்தது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் மேடம். நேத்து காலைலதான் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்ட்ல வாங்கினேன்."

"செர்ரிய அடுக்கினது கடைக்காரனா?"

"இல்ல, நான்தான்."

"மேலதானே?"

"மேலதான்."

"அப்போ அத முக்கினது யாரு?"

பாஸ்கர் ஆய்வகக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐஸ்கிரீம்ல பாதி காத்துதான்," என்றார் சந்திரகலா, ஒரு மோட்டாரைப் பிரித்துக் காட்டும் அதே பொறுமையுடன். "உருகினா காத்து வெளிய போயிடும், மட்டம் இறங்கிடும். சர்க்கரைப் பாகுல ஊறின செர்ரி கனமானது, கூழுக்குள்ள முழுகிடும். திரும்ப உறைஞ்சா காத்து உள்ள வராது. அதான் கரண்டி வளைஞ்சுது. காலைல வாங்கினது மூணு மணிக்குள்ள உருகி, அப்புறம் அப்டி கல்லா உறையாது. நீங்க வாங்கினது என்னைக்கு? வச்சது எங்க?"

நடைபாதையின் கோடியில் யாரோ நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. பாஸ்கர் குரலைத் தாழ்த்தினார்.

"செவ்வாய்க்கிழமை சாயந்திரம். இந்த ஃப்ரீசர்லதான், கீழ் தட்டுல. சாப்பாட்டுப் பொருள் மாதிரி ஃப்ரீசர்ல வைக்கக்கூடாதுன்னு தெரியும். எல்லாரும் வைக்கிறாங்கன்னு... தெரிஞ்சா எனக்கும் மெமோ வரும் மேடம். என் ப்ரொமோஷன் ஃபைல் டீன்கிட்ட இருக்கு."

"வரும்," என்றார் சந்திரகலா. "ஈஸ்வரிக்கு ஏற்கெனவே வந்துடுச்சு. மணி பதினொண்ணு நாப்பது."

துறைத் தலைவர் அறையில் ராஜமாணிக்கம் மேசைக்குப் பின்னால் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். வசந்தகுமார் சன்னலோரம் நின்றிருந்தார். ஈஸ்வரி கதவருகே, அந்தக் காகிதத்தை மடிக்காமல் பிடித்தபடி.

"கையெழுத்து போட்டியாம்மா?" என்றார் வசந்தகுமார். "சும்மா இழுத்துக்கினு இருக்காத. சாருக்கு வேற வேலை இருக்கு."

"அஞ்சு நிமிஷம் சார்," என்று ராஜமாணிக்கத்தைப் பார்த்துச் சொன்னார் சந்திரகலா. "பாஸ்கர் ஒண்ணு சொல்லணுமாம்."

பாஸ்கர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மாலை ஐஸ்கிரீமை வைத்ததையும், அங்கேயே நின்று செர்ரிகளை அடுக்கியதையும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதே தட்டிலிருந்து எடுத்ததையும் தலை நிமிராமல் சொன்னார்.

"மாதிரி ஃப்ரீசர்ல ஐஸ்கிரீமா?" ராஜமாணிக்கத்தின் குரல் ஏறியது.

"தப்புதான் சார். அந்தத் தப்புதான் நமக்கு சாட்சி," என்றார் சந்திரகலா. "மூணு மணிக்கு அது கல்லு மாதிரி இருந்துது, நீங்களே கரண்டிய நிமித்திக் குடுத்தீங்க. அதனால மூணு மணி வரைக்கும் ஃப்ரீசர் ஓடியிருக்கு. விளக்கு பத்து மணிலேர்ந்து எரியுது. அப்போ விளக்கு ஒயர் ஃப்ரீசர் சாக்கெட்ல இல்ல. மூணு மணிக்கு அப்புறம்தான் யாரோ மாத்திச் சொருகி, கதவையும் திறந்து விட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"மாதிரிங்க அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு சார். செர்ரி முழுகியிருக்கு. செவ்வாய் சாயந்திரத்துக்கும் வெள்ளி மூணு மணிக்கும் நடுவுல உள்ள எல்லாம் ஒருதடவை முழுசா உருகித் திரும்ப உறைஞ்சிருக்கு. மூடின ஃப்ரீசர் உருக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். திரும்ப அவ்ளோ இறுகி உறைய இன்னொரு நாள். வெள்ளி மூணு மணிலேர்ந்து பின்னால எண்ணுங்க. புதன்கிழமை பகலும் ராத்திரியும் அது நின்னிருக்கணும். வியாழன் காலைல யாரோ பொத்தான அழுத்தி, ரெண்டு பக்கெட் தண்ணிய தொடச்சிருக்காங்க, ஈஸ்வரி வர்றதுக்கு முன்னாடி."

அவர் பதிவேட்டை மேசைமேல் விரித்து, வியாழக்கிழமையின் மேல் விரலை வைத்தார்.

"வியாழன் காலை எட்டு மணி. செர்ரி முழுகிக் கிடந்த நேரம். அப்போ இந்த ஃப்ரீசர் மைனஸ் இருபது காட்டியிருக்க முடியாது. தரையில அவ்ளோ தண்ணி கிடக்குறப்போ எழுதினவர் வெப்பமானி முள்ளப் பார்க்காம எழுதியிருக்க முடியாது. பார்த்துட்டுதான் எழுதியிருக்காரு."

கையெழுத்து யாருடையது என்று கேட்கத் தேவைப்படவில்லை. ராஜமாணிக்கம் மெதுவாகச் சன்னல் பக்கம் திரும்பினார்.

வசந்தகுமார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "புதன்கிழமை ஃபங்ஷனுக்குப் பொருள் வாங்க மணவாள நகர் போயிட்டேன் சார். ஜெனரேட்டர் லைன மாத்திட்டேன்னு முன்னாடியே எழுதி வச்சிட்டு, மாத்த மறந்துட்டேன். அஞ்சு மணிக்கு கரண்ட் வந்தப்போ பொத்தான அழுத்தவும் ஆளில்ல. வியாழக்கிழமை திறந்து பார்த்தப்போ... உங்ககிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல. நேத்து பாட்டு பாக்ஸ் எடுக்கப் போனப்போ அந்த ஒயரப் பார்த்தேன். பக்கத்துலயே இருந்துச்சு."

"வியாழக்கிழமையே சொல்லியிருந்தா என் மாதிரி மட்டும்தான்யா போயிருக்கும்," என்றார் ராஜமாணிக்கம்.

அவர் கையை நீட்டினார். ஈஸ்வரி காகிதத்தைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, படிக்காமலே நான்காகக் கிழித்தார். பிறகு புதிதாக இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றில் வசந்தகுமாரின் பெயரையும் மற்றொன்றில் பாஸ்கரின் பெயரையும் எழுதினார். பாஸ்கர் ஒரு பெருமூச்சோடு பேனாவைத் தேடினார்.

ஈஸ்வரி போகத் திரும்பியவள் கதவில் நின்றாள்.

"சார், அந்த சீரியல் லைட்ட அவுத்துடவா?"

ராஜமாணிக்கம் நாட்காட்டியைப் பார்த்தார். முப்பத்தொன்றாம் தேதியைத் தாண்டி அவர் பார்வை போனது.

"இருக்கட்டும். பொங்கல் முடிஞ்சதும் நீயே அவுத்துடு."