வலப்பக்கத்து இருக்கை

சனிக்கிழமை சாயங்காலம் லாஸ் தூனாஸ் விமானக் கிளப்பில் கறி விருந்து. பாம்பா சமவெளியில் குட்டி விமானம் வைத்திருப்பவர்கள் எல்லாம் பறந்து வந்து, சுட்ட மாட்டு விலாவைத் தின்று, ஒருவரை ஒருவர் கிண்டலடித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவார்கள். அன்செல்மோவுக்கு மட்டும் இன்று அது விருந்தில்லை, பரீட்சை. அறுபத்தொன்பது வயதில் அவர் இன்னும் விமானம் ஓட்டலாமா என்று கிளப் இன்று முடிவு செய்யப்போகிறது. வாழ்நாளெல்லாம் ஓட்டியவரைப் பார்த்து நேற்று முளைத்ததுகள் கேட்கிற கேள்வியா இது!

ஒழுங்காகப் போய் இறங்கிக் காட்டினால் போதும், வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைத்துக் கிளம்பினார். விமானம்தான் ஒத்துழைக்கவில்லை. எப்போதும் புல்தரையில் பாதி ஓடியதுமே எழும்பிவிடும், இன்று வேலி வரைக்கும் ஓடி, வேண்டா வெறுப்பாக எழும்பியது. மேலே போனதும் வலது பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினார். மறுபடியும் சாய்ந்தது. பக்கத்தில் ஒரு கனத்த ஆள் உட்கார்ந்தால் எப்படிச் சாயுமோ அப்படி.

பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது.

"அந்த மெக்கானிக் பயலைக் கட்டி வெச்சு உதைக்கணும்" என்று தனக்குத்தானே கத்தினார். எதிர்காற்று வேறு. போதாததற்கு உள்ளே ஒரு வாடை, நனைந்த கம்பளி வாடை. மழை பெய்தே மாசக்கணக்காகிறது.

வருகிறவர்கள் எத்தனை பேர் என்று ரேடியோவில் சொல்லிவிட வேண்டும். அடுப்படியில் இருக்கும் எல்வீரா அதைக் கேட்டுத்தான் தட்டு வைப்பாள்.

"எல்வீரா, அன்செல்மோ பேசறேன். பக்கத்துல வந்துட்டேன். ஒரு ஆள்."

"சரிங்க, ரெண்டு பேர்."

"ரெண்டு இல்லம்மா! ஒண்ணு. நான் மட்டுந்தான்."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"மறுபடியும் ரெண்டுங்கறீங்களே! ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. உங்க குரல்தான், தெளிவாக் கேக்குது."

இடையில் அவர் வாயையே திறக்கவில்லை.

கிளப் முழுக்க அந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கும். மானம் போயிற்று. இறங்குவதாவது நன்றாக அமையட்டும் என்று பல்லைக் கடித்தார். அதுவும் அமையவில்லை. விமானம் தொப்பென்று விழுந்து, இரண்டு முறை துள்ளி, ஓடுபாதையின் கடைசியில் முள்வேலியை முட்டாத குறையாக நின்றது. எஞ்சினை அணைத்தார்.

அந்த அமைதியில் ஒரு பெருமூச்சு கேட்டது.

வலப்பக்கத்திலிருந்து.

திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தார். ஓடவில்லை. ஓடினால் அதற்கும் சிரிப்பார்கள்.

விருந்து மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்திருந்தது.

"விருந்தாளி எங்கேடா? வழியில இறக்கிவிட்டுட்டியா?" என்றார் காஸிமிரோ. கிளப் தலைவர், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி.

எல்லாரும் சிரித்தார்கள். அன்செல்மோவும் சிரித்து மழுப்பினார். நடந்ததைச் சொன்னால் கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று பறப்பதை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன். எந்தப் பக்கம் போனாலும் அடி.

ஒயின் ஒரு சுற்று வந்தபின் காஸிமிரோ தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்காதே அன்செல்மோ. உன்னை ஓட்ட வேண்டாம்னு சொல்லலை. இனிமே தனியாப் பறக்காதே, அவ்வளவுதான். ஓட்டத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்."

"சரி. இன்னைக்கு என் கூட யாரு வர்றீங்க?"

ஒருவரும் நிமிரவில்லை. அத்தனை பேருக்கும் திடீரென்று தட்டில் இருந்த எலும்பு முக்கியமாகிவிட்டது.

"பாத்தியா? சட்டம் போட மட்டும் எல்லாருக்கும் வாய் நீளுது!"

"ராத்திரி இங்கேயே தங்கிக்கோடா. காலையில நானே கொண்டுபோய் விடறேன்."

"உன் பிச்சை எனக்கு வேண்டாம்!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு விமானத்தை நோக்கி நடந்தார். ஆத்திரத்தில் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா? அந்த எரிச்சலில் பயம்கூட மறந்துபோயிற்று. ஏறி உட்கார்ந்தார், முடுக்கினார், ஓடுபாதையில் விட்டார்.

இந்த முறை விமானம் பூப்போல எழும்பியது.

மேலே எழுப்ப அவர் இன்னும் ஸ்டியரிங்கை இழுக்கவே இல்லை.

இரண்டு இருக்கைக்கும் முன்னால் இரண்டு ஸ்டியரிங், ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். அன்செல்மோ மெதுவாகத் தன் கைகளை எடுத்தார். எதிரிலிருந்த ஸ்டியரிங் தானாக, நிதானமாக, கை தேர்ந்தவர் பிடித்ததுபோல அசைந்துகொண்டிருந்தது. கம்பளி வாடை மூச்சை அடைத்தது. அவர் கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுத்தது.

ரேடியோவில் காஸிமிரோவின் குரல் வந்தது. மனசு லேசானவரின் குரல்.

"அடேயப்பா! எழும்பினா இப்படி எழும்பணும்! யாருடா அது கூட? இங்கேருந்து தலை தெரியுது. யாரா இருந்தாலும் விட்டுடாதே, ரொம்ப நல்லா ஓட்டறான்."

அன்செல்மோவின் வீடு மேற்கே இருந்தது, அங்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு வெளிச்சம் மிச்சமிருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், உடம்பில் இருந்த பலமெல்லாம் போட்டுத் திருப்பிப் பார்த்தார்.

அது அசையவில்லை. விமானம் துளிகூடக் குலுங்காமல், முழுக்க இருட்டிவிட்ட கிழக்கைப் பார்த்து மேலே ஏறிக்கொண்டே போனது.