அதே பெயரில்

மூன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு என்று இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். 'ஆறில் மூன்று முடிந்தது' என்றது திரை.

மாலை ஆறே முக்கால். ஆள் நடமாட்டம் இல்லாததால் அலுவலகத்தின் பாதி விளக்குகள் தாமாகவே அணைந்திருந்தன. யாரோ உரித்துப்போட்ட ஆரஞ்சுத் தோலின் வாசனையும், சூடேறிய தூசியின் வாசனையும், ஏசியின் ஓயாத முனகலும் சேர்ந்து அவளைச் சுற்றி ஒரு கூடாரம்போல் நின்றன.

வேலை சின்னதுதான். நோயாளிகளின் கைப்பட்டைகளிலிருந்து இடைவிடாமல் வரும் நாடித்துடிப்புகளை வாங்கி மருத்துவமனைகளுக்கு அனுப்பும் மூன்று மென்பொருள்கள் கிளஸ்டர் என்ற கணினித் தொகுப்பில் ஓடிக்கொண்டிருந்தன. புரோக்கர்கள் என்று பெயர். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் புதிதாக எழுப்ப வேண்டும்.

"புரோக்கர்னா கல்யாணப் புரோக்கர் மாதிரிதான்டி, இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் குடுக்கும்," என்றிருந்தாள் சீனியர் அக்கா. "நிறுத்தினா முப்பது செகண்ட் டைம் குடுக்கும். அப்புறம் அதே பேர்ல, அதே ஞாபகத்தோட புதுசு ஒண்ணு வந்து உக்காந்துக்கும். ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது. நான் டீ குடிச்சுட்டு வரேன். பயந்து அழுதுடாத."

எதை எழுப்புவது என்று திரை கேட்ட கட்டத்தை வெறுமையாக விடலாமா என்று கேட்க நினைத்தாள். இதைக்கூடக் கேட்பாயா என்று அக்கா சிரிப்பாளே என வாயை மூடிக்கொண்டாள். வெறுமையாகவே விட்டு அழுத்தினாள். வெறுமை என்றால் எல்லாமும்.

மீதி மூன்று எவை? பட்டியலைக் கீழே இழுத்தாள். சோதனைக்காக அவள் வீட்டில் கட்டிவிட்ட கைப்பட்டைகள். அவளே வைத்த பெயர்கள். அப்பா. அம்மா. நான்.

'அப்பா: நிறுத்தப்படுகிறது. 30.'

அப்பாவின் துடிப்பு அவளுக்குப் பாடம். ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு துடிப்புக்கு ஒருமுறை ஒரு சின்னத் தடுக்கல். அவள் 'ரத்து செய்' பொத்தானை அழுத்தினாள். அது கேட்கவில்லை. மறுபடி அழுத்தினாள். எண் பூஜ்யத்துக்கு வந்தது. திரையில் அப்பாவின் துடிப்புக் கோடு தட்டையானது. பதினொரு நொடிகள். பிறகு ஓடத் தொடங்கியது. தடுக்கலே இல்லாமல்.

கைபேசியை எடுத்தாள்.

"என்னம்மா, இன்னும் கிளம்பலையா?" அப்பாவின் குரல். அதே கரகரப்பு.

"அப்பா... உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? உடம்பே புதுசா ஆன மாதிரி இருக்கு."

"அம்மாகிட்ட குடுங்க."

ஏதோ உரசும் சத்தம். ஒரு கதவு மூடும் சத்தம். பிறகு அம்மா, மூச்சுக்குள்ளேயே பேசினாள்.

"ஏய், உங்கப்பா இப்பத்தான் சோபாவுல சாஞ்சாரு. சாஞ்சவரு அப்படியே கிடக்காரு, அசையல. அப்ப வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தது யாருடி?"

'அம்மா: நிறுத்தப்படுகிறது. 30.'

"அம்மா, பட்டையைக் கழட்டு! கழட்டி எறி!"

"வர மாட்டேங்குதே... இரு, யாரோ கதவைத் தட்டு..."

அவள் எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்று.

"ஒண்ணுமில்லம்மா," என்றது அம்மாவின் குரல், இதமாக. "நீ பத்திரமா வா."

ஆறில் ஐந்து முடிந்தது.

'நான்: நிறுத்தப்படுகிறது. 30.'

கத்தரிக்கோல். இழுப்பறையில் இருந்தது. பட்டையை அறுத்தாள். தோலும் கொஞ்சம் அறுந்தது. பட்டை தரையில் விழுந்தது. திரையில் துடிப்பு ஓடிக்கொண்டேயிருந்தது. அவளுடைய துடிப்பு. வேகவேகமாக.

பதினான்கு.

லிஃப்டின் மணி அடித்தது.

"அக்கா?"

நடைபாதையின் கோடியில் ஒரு விளக்கு தானாக எரிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. காலடிச் சத்தம். இடது கால் லேசாகத் தரையில் உரசியது. அவள் நடக்கும்போது உரசுவதுபோல.

ஆறு.

கண்ணாடிக் கதவில் அடையாள அட்டை வைக்கும் ஒலி. பூட்டு விலகியது.

மூன்று.

வாசலில் நின்றது, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டது. கையில் அறுபடாத பட்டை. அவளுடைய நாற்காலியைப் பார்த்தபடி, அது காலியாவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.