சுடர்க்கொடியின் தலையாட்டி

செவ்வாயில் இருக்கும் புதுக்கூடல் குடியேற்றத்தில் வெள்ளிக்கிழமை காலை ஆண், பெண் எல்லோரும் பிடரிக்கு எண்ணெய் போட்டுக்கொள்வார்கள். அன்றுதான் புதுப்பாட்டுகள் வெளியாகும். உசத்தியான பாட்டு ஒன்று வந்துவிட்டால் தலை லேசில் நிற்காது. எண்ணெய் காணாத கழுத்து சுளுக்கிக்கொள்ளும். நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஏழெட்டு மாதப் பயணம்தான்.

தலையை ஆட்டுவது தலைக்குச் சொந்தக்காரர் இல்லை. குழந்தைப் பருவத்திலேயே எல்லோருடைய பிடரியிலும் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவியைப் பதித்துவிடுவார்கள். பெயர் தலையாட்டி. பூமியில் ‘மதிப்பான்’ என்றொரு கணிப்பொறி இருக்கிறது. முன்கூட்டியே அனுப்பிவைக்கும் பாட்டைக் கேட்டு அது நட்சத்திரம் போடும். அந்த நட்சத்திரம் அரங்கின் திரையில் மின்னும். அதே நொடியில் பிடரிக்கும் வந்து சேரும். ஐந்து என்றால் தலை வாழையிலை மாதிரி ஆடும், கண் சொருகும். மூன்று என்றால் மரியாதைக்கு ஆடும். அதற்குக் கீழே போனால் கழுத்து இறுகி, நாக்கு ‘ச்சு’ கொட்டும். பாட்டு பிடித்திருக்கிறதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் தொல்லையே அங்கே கிடையாது.

‘பித்தளை இடி’ ராக் குழுவின் குரலாக இருந்த சுடர்க்கொடி, சண்டை போட்டுக்கொண்டு வெளியேறித் தனியாக ஒரு பாட்டுத் தொகுப்பு செய்திருந்தாள். ‘ஒற்றைத் தொண்டை’ என்று பெயர். கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. காற்றடைப்புக் கதவின் கிறீச்சும் கிரைண்டரின் உறுமலும்தான் பக்கவாத்தியம். ஒரு பாட்டை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பாடியிருந்தாள்.

அரங்கேற்றத்துக்கு முன் ஒப்பனை அறைக்குள் டிரம்ஸ்காரர் சவரிராயன் தலையை நீட்டினார். ‘பித்தளை இடி’ அவருடைய குழு.

“என்ன கொடி, சவால் ஞாபகம் இருக்குல்ல? மூணு நட்சத்திரத்துக்குக் கீழ வந்தா திங்கக்கிழமை நம்ம குழுவுக்குத் திரும்பி வர்ற. என் டிரம்ஸுக்குப் பின்னால நின்னு ஊ-ன்னு ஊளையிடுற வேலை மட்டும்தான்.”

“வந்தா வரேன் அண்ணே. நீங்க முதல் வரிசையில உக்காந்து முழுசாக் கேளுங்க, அது போதும்.”

“கேக்காம? கிரைண்டர் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு. இட்லி உண்டா?”

அன்றைக்கென்று பார்த்துச் சூரியனில் புயல். பூமியிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. திரை வெறுமையாக இருந்தது. நட்சத்திரம் இல்லாமலே சுடர்க்கொடி பாடத் தொடங்கினாள்.

எதிரே அத்தனை தலைகளும் அடுக்கி வைத்த பூசணிக்காய் மாதிரி அசையாமல் இருந்தன. வெறுப்பில்லை, உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது பாட்டில் அவளுக்கு வியர்த்துவிட்டது. மூன்றாவதில், முதல் வரிசையில் சவரிராயனின் தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்தார். அவர் தலையும் சாய்ந்தது. பின்வரிசை பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அரங்கமே ஆடிற்று. நட்சத்திரம் வராமல் தலையாட்டி வேலை செய்யாது என்று கையேட்டில் போட்டிருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

மேடையில் சுடர்க்கொடியின் தலையும் ஆடத் தொடங்கியது. தான் பாடுவது தனக்கே இவ்வளவு பிடிக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

கடைசிப் பாட்டின் நடுவே புயல் ஓய்ந்து திரை மின்னியது. ஒன்றரை நட்சத்திரம். ‘தொண்டை இருக்கிறது, தொகுப்பு இல்லை’ என்று கீழே ஒரு வரி.

தலைகள் சட்டென்று நின்றன. அரங்கம் முழுக்க ‘ச்சு’ கொட்டியது. சவரிராயனின் தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் குறட்டை அப்போதுதான் மேடை வரைக்கும் எட்டியது.

அவளை உலுக்கியது அதுவும் இல்லை. தன் கழுத்தும் இறுகியிருந்தது. தன் பாட்டு தனக்கே சகிக்கவில்லை.

மறுநாள் டாக்டர் மும்தாஜின் மருத்துவமனையில் போய் உட்கார்ந்தாள்.

“இதைப் பிடுங்கிடுங்க டாக்டரம்மா. என் பாட்டை நானே ஒரு தடவை கேக்கணும். நல்லாருக்குன்னு எனக்குத் தோணிடுச்சுன்னா, சவரியண்ணன் குதிச்சாலும் நான் திரும்பிப் போறதா இல்ல.”

பிடரியில் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கருவியை வெளியே எடுத்தார் டாக்டர். அதை இரண்டாகப் பிளந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கூடு.

“எப்பலேர்ந்து இப்படி?”

“முதல்லேர்ந்தே. கப்பல்ல எடை கூடிடும்னு உள்ள இருந்ததை எல்லாம் பூமியிலயே இறக்கி வெச்சுட்டாங்களாம். இதுவரைக்கும் நான் எடுத்ததெல்லாம் காலிக் கூடுதான்மா.”

“அப்ப எங்க தலையை எல்லாம் யாரு ஆட்டினா?”

“அதை என்கிட்ட கேட்டா?”

“இதை ஊர்ல சொல்லக் கூடாதா நீங்க?”

“சொன்னேனே. நம்பலாமா வேணாமான்னு மதிப்பான் ஒண்ணும் சொல்லலியேன்னாங்க.”

சுடர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் நல்லதுதான் என்று தோன்றியது. இனிமேல் சாக்குச் சொல்ல இடமில்லை. ‘ஒற்றைத் தொண்டை’யை ஒலிக்க விட்டாள். மூச்சை உள்ளே இழுத்துப் பாடும் பாட்டு. கதவு கிறீச்சிட்டது, கிரைண்டர் உறுமியது.

அவள் டாக்டரின் தலையைப் பார்த்தாள். டாக்டர் அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிகிற வரைக்கும் இரண்டும் அசையவில்லை.