இரண்டு வீட்டுப் பெட்டி

காலையில் எழுந்ததும் முதலில், வீட்டுப் பதிவுகள் ஏறும் பெட்டியின் விளக்கைப் பார்ப்பேன். காபியெல்லாம் அப்புறம்தான். கோயம்புத்தூரில் இப்போது எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். பச்சை எரிந்தால், நம் வீட்டுப் பெட்டியில் இருப்பதும் இன்னொரு வீட்டில் இருக்கும் துணைப்பெட்டியில் இருப்பதும் அச்சுப் பிசகாமல் ஒன்று என்று அர்த்தம். மஞ்சள் எரிந்தால் எங்கோ ஒத்துப்போகவில்லை. எதிர்வீட்டு அம்மாள் மஞ்சளைப் பார்த்துவிட்டால் அன்று அடுப்பே பற்ற வைக்கமாட்டார். போனைத் தூக்கிக்கொண்டு தன் துணைப்பெட்டியை வைத்திருக்கும் பெட்டிச் சம்பந்தியுடன் சண்டைக்குப் போய்விடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருடைய கடந்த காலத்தில் பாதி அந்த வீட்டில்தானே இருக்கிறது.

அன்றைக்குப் பச்சைதான் எரிந்தது. நிம்மதியாக நித்திலாவுக்குத் தலை பின்னிவிட்டேன். மறுநாள் இணக்க மன்றத்தில் எங்கள் வழக்கு. ஏழு வயதுப் பெண் என்னிடம் வளர்வதா, அவள் அப்பா அகிலேஷிடம் வளர்வதா என்று முடிவாகப்போகிற நாள். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. என் பெட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வீட்டுப் பெட்டியிலும் இருந்தது.

ஒரு காலத்தில் படம் எடுத்தால் அதுவே சான்று. பிறகு, யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் எதைச் செய்ததாகவும் காட்டிவிடும் இயந்திரங்கள் வந்தன. முகிலகத்தில், பழைய ஆட்கள் கிளவுட் என்பார்களே அதில், போட்டுவைத்த குடும்பப் படங்களைக்கூட அந்தக் கம்பெனிகளே செம்மைப்படுத்துகிறோம் என்று மாற்றிவைத்தன. எங்கள் கல்யாணப் படத்தில் என் பெரியப்பாவுக்கு வழுக்கையே கிடையாது. கடைசியில் யாரும் எதையும் நம்ப முடியாமல் போனபோதுதான் ஈரில்லச் சட்டம் வந்தது. ஒரு நிகழ்ச்சி, நடந்த அன்றே இரண்டு வெவ்வேறு வீடுகளின் பெட்டியில் ஏறியிருக்க வேண்டும். விசாரணையன்றும் இரண்டிலும் அது இருக்க வேண்டும். இருந்தால் அது நடந்தது, இல்லையென்றால் நடக்கவில்லை. நேரில் கண்டவர் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். அதை 'நினைவு' என்று குறித்துக்கொள்வார்கள். நினைவை வைத்து மன்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால்தான் இந்த ஊரில் வரன் தேடுவதுபோல் பெட்டிச் சம்பந்தி தேடுகிறார்கள். ஜாதகம் ஒன்றுதான் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் மின்சாரம் ஒழுங்காக இருக்குமா, மழைத்தண்ணீர் உள்ளே வருமா, குழந்தைகள் பெட்டிமேல் சாம்பாரைக் கொட்டுமா, மிச்சமெல்லாம் விசாரித்துவிடுவார்கள். எனக்கு அந்த அலைச்சல் இருக்கவில்லை. கூடப்பிறந்த அண்ணன் இருந்தார். சஞ்சித் அண்ணன், சிங்காநல்லூரில் பம்ப் பட்டறை வைத்திருப்பவர்.

நித்திலா பிறந்த வருடம் பெட்டி வாங்கலாம் என்று கிளம்பினோம். கடையில் தயாராக விற்கும் பெட்டிகளின் விலையைக் கேட்டதும் அண்ணன் சிரித்தேவிட்டார். "இந்த வெலைக்கு ஒரு போர்வெல்லே போட்டுப்போடலாங் கண்ணு. நாமளே கட்டிக்கலாம்" என்றார். பழைய சாமான் சந்தையில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினிகள் இரண்டைப் பிடித்தார். ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டார். சத்தம் பிசகினால் ஒதுக்கிவிடுவார். தேறியவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ஓடவிட்டுச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே மாட்டினார். எதையும் புரட்டிப் பார்க்காமல் எடுக்கமாட்டார் என் அண்ணன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான். அகிலேஷின் அலுவலகத்தில் விசாரித்தார், குடியிருந்த தெருவில் விசாரித்தார், அவன் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில்கூட விசாரித்தார். தங்கமான பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் யாரும் அவனோடு ஒரே வீட்டில் இருந்து சாப்பிட்டவர்கள் இல்லை.

பெட்டி கட்டும்போது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். மூன்றாவதாக ஒரு டிஸ்க் போட்டால் 'பழம்படி' வைத்துக்கொள்ளலாம், அதாவது எதையாவது நீக்கினாலும் நீக்குவதற்கு முந்தைய படி ஒரு மாதத்துக்கு அப்படியே இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"அது தண்டச் செலவு கண்ணு" என்றார் அண்ணன். "உன்ர வீட்ல ஒண்ணு, என்ர வீட்ல ஒண்ணு. கண்ணாடி முறையில போட்டர்றேன். இதுல ஏறுனா அதுல ஏறும். உன்ர டிஸ்க் போனாலும் என்ரது இருக்குமல்ல?"

"இதுல அழிஞ்சா அதுலயும் அழியுமுங்ளா?"

"ஆரு அழிக்கப்போறா? நீயா, நானா?"

சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். வழக்கமாகத் துணைப்பெட்டிக்குப் போகும் நகல் பூட்டப்பட்டுத்தான் போகும். அந்த வீட்டார் அதை வைத்திருக்கலாமே தவிரத் திறக்க முடியாது. சாவிச்சொல் உரியவரிடம் மட்டும் இருக்க வேண்டும். எங்கள் பெட்டிகளைக் கட்டியவரே அண்ணன் என்பதால் சாவிச்சொல்லையும் அவரே வைத்தார். இரண்டுக்கும் ஒன்றே. அண்ணன் தங்கைக்குள் என்ன பூட்டு என்று இருந்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சரவணம்பட்டியில், ஒன்பதாவது மாடியில் இருந்தோம். மதியச் சாப்பாடு. நித்திலாவின் கை பட்டுத் தயிர்க் கிண்ணம் அகிலேஷின் சட்டையில் கவிழ்ந்தது. அவன் கத்தவில்லை. எழுந்தான், குழந்தையைத் தூக்கினான், பால்கனிக்குப் போனான். கம்பிக்கு வெளியே அவளை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா கொட்டுவியா? விட்டறட்டுமா?" என்று கேட்டான். மெதுவாக, பாடம் சொல்லித்தருகிற குரலில் கேட்டான். நித்திலா அழக்கூட இல்லை. நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் தட்டினார்கள். அதன் பிறகுதான் அவன் அவளை உள்ளே இறக்கினான். கூடத்திலிருந்த கேமரா, அதாவது வீட்டுக்கண், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கண் பார்ப்பது அந்தக் கணமே இரண்டு பெட்டிகளிலும் ஏறும்.

அன்று மாலையே கிளம்பிவிட்டேன். நகையை எடுக்கவில்லை. பெட்டியைக் கழற்றி, நித்திலாவின் குளியல் துண்டில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு அறை வீடொன்று பார்த்துக் குடியேறிப் பெட்டியை மாட்டியபோது முதலில் மஞ்சள் எரிந்தது, பிறகு பச்சையானது. அதைப் பார்த்துத்தான் அன்று எனக்கு அழுகையே வந்தது.

வழக்குக்கு முதல் நாள், நித்திலா பள்ளிக்குப் போனதும், பதிவைச் சரிபார்த்து வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். சனிக்கிழமை இருந்தது. புது வீட்டில் பெட்டியை மாட்டிய நாள் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. மூடிவிட்டுத் திறந்தேன். வேறு வேறு வழியில் தேடினேன். விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது. ஏன் எரியாது? இரண்டு வீட்டுப் பெட்டிகளும் ஒத்துத்தானே போகின்றன. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

நீக்கக் குறிப்பைப் பார்த்தேன். முந்தின நாள் மத்தியானம், சிங்காநல்லூர்ப் பெட்டியிலிருந்து, சாவிச்சொல் கொடுத்து நீக்கப்பட்டிருந்தது. திருட்டோ பழுதோ என்று ஒரு நிமிடம் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. அந்தச் சாவிச்சொல் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். நான் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"ஏனுங்ணா இப்பிடிப் பண்ணீங்க?"

"உக்காரு கண்ணு. மொதல்ல தண்ணி குடி."

"தண்ணி வேண்டாமுங்ணா. அதப் பாக்காமயே அழிச்சிட்டீங்களா? என்ன இருக்குதுன்னு தெரியாமப் பண்ணிட்டீங்களா?" அவர் ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று தவித்தேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "பாத்தேன். முழுசாப் பாத்தேன். ரண்டு நாளாச் சோறு எறங்கல."

"பாத்துட்டுமா?"

"பாத்ததுக்கோசரந்தான் கண்ணு. அத மன்றத்துல போட்டா காலத்துக்கும் அழியாது. ஊரே பாக்கும். நாளைக்கு நித்திலா பெரியவளாகி அதப் போட்டுப் பாக்கோணுமா? அப்பன் இன்னான்னு அவ தெரிஞ்சுக்கோணுமா? மாப்பிள்ளை எங்கிட்ட வந்து அழுதாரு. இனிமே இப்பிடி நடக்காதுன்னு சத்தியம் பண்ணுனாரு. ஒரு தப்பு. அது இல்லீன்னு ஆயிட்டா எல்லாரும் திரும்ப ஒண்ணா இருக்கலாமல்ல?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அகிலேஷின் மேல்கூட எனக்கு இப்படி எரிந்ததில்லை. அவன் வெளியாள், போகட்டும். இவர் என்னை முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனவர்.

"என்ர பொண்ணுக்காகப் பண்ணலீங்ணா நீங்க. நீங்க தேடிப் புடிச்ச மாப்பிள்ளை சொத்தைன்னு ஊரு சொல்லிடக் கூடாது. அதுக்குத்தான?"

"வாய அடக்கிப் பேசு மகி."

"எத்தன எடத்துல விசாரிச்சீங்க! ஒரு டிஸ்க்கு சரியில்லீன்னா தூக்கிப் போட்டர்றீங்க. இவன மட்டும் ஏனுங்ணா போட முடியல?"

அவர் உட்கார்ந்து மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நானும் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் மன்றத்தில் இருந்த சான்று அலுவலர் நல்ல மனிதர். திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"உங்க ரெண்டு வீட்டுப் பெட்டியும் முழுசா ஒத்துப்போகுதும்மா. நீங்க சொல்ற ஞாயித்துக்கிழமைன்னு எதுவும் இல்ல."

"நீக்கியிருக்காங்கன்னு குறிப்பு இருக்குதுங்களே!"

"இருக்கு. சாவிச்சொல் கொடுத்து நீக்கியிருக்கு. சாவிச்சொல் உங்களுதுதானே? சட்டப்படி அது நீங்களே இசைஞ்சு நீக்கினதாத்தான் ஆகும்."

"அண்ணனக் கூப்பிட்டுக் கேளுங்க சார். அவரு பாத்திருக்காரு."

கூப்பிட்டுக் கேட்டார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நெற்றியில் திருநீறு இருந்தது. அப்படி எதையும் பார்த்ததாக நினைவில்லை என்றார். நான் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. அகிலேஷ் அவருக்கு உட்கார நாற்காலி இழுத்துப் போட்டான்.

"என்ர பொண்ணுக்குத் தெரியுமுங்க சார்" என்றேன். "எனக்கும் தெரியும். தனித்தனியாக் கேட்டுப் பாருங்க. ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லுவோம்."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடும்மா" என்றார் அலுவலர்.

அகிலேஷின் பேரில் குற்றம் ஒன்றும் இல்லாததால், குழந்தை வார நாட்களில் என்னிடமும் சனி ஞாயிறுகளில் அவனிடமும் இருக்க வேண்டும் என்று முடிவானது. மூன்றாம் ஆள் யாராவது கொண்டுபோய் விடலாம் என்று மன்றம் சொன்னபோது, நானே கூட்டிப்போகிறேன் என்று அண்ணன் முன்வந்தார். குடும்பத்தின் ஒற்றுமையைப் பாராட்டி ஒரு வரி உத்தரவில் எழுதியிருந்தார்கள். அதை இரண்டு தடவை படித்தேன். சிரிப்புத்தான் வந்தது.

சனிக்கிழமை காலையில் அண்ணன் காரை வாசலில் நிறுத்தினார். நித்திலாவுக்குப் பிடிக்கும் என்று தேங்காய் பன் வாங்கி வந்திருந்தார். நான் அவளுடைய துணிப்பையைக் கொடுத்தேன். அவள் பன்னை வாங்கி வைத்துக்கொண்டாள், சாப்பிடவில்லை.

"மாமா, அந்த வீட்ல பால்கனிக் கதவப் பூட்டி வெச்சிருப்பாங்களா?"

கதவைத் திறந்துவிட வந்த அண்ணன் குனிந்து அவள் தலையைத் தடவினார்.

"பயப்படக் கூடாது கண்ணு. அங்க அப்பிடி ஒண்ணும் நடக்கல. நீ ஏதோ கெனாக் கண்டிருக்கற."

நித்திலா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பயம் மட்டும் இல்லை. கனவாக இருக்குமோ என்ற சந்தேகம் அப்போதே அவளுக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் குழந்தை எத்தனை நாள்தான் தாங்கும்?

நான் தெருவிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். "கெனா இல்ல கண்ணு. நடந்துச்சு. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்."

அண்ணன் இல்லை என்று சொல்லவில்லை. காருக்குள் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். நித்திலா பின்னால் ஏறினாள். ஜன்னலோரத்துக்கு எப்போதும் அடம் பிடிக்கிறவள், இரண்டு பக்கக் கதவுகளிலிருந்தும் தள்ளி, நடுவில் போய் உட்கார்ந்து, முன் இருக்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.